கடல் கடக்கும் மணமகளும் கரையில் நிற்கும் சீதன வீடும்

கிழக்கிலங்கையில் திருமணமானதும் வீடு மாறுபவர் மாப்பிள்ளையே. மணமகள் பிறந்த மண்ணிலேயே, பெரும்பாலும் தாயின் வளவுக்குள் அல்லது கூப்பிடு தூரத்தில் குடியிருப்பாள். அவளுக்கென எழுதப்பட்ட வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து சேர்வார். முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் ஒருங்கே நிலவிவரும் வழக்கம் இது. அக்கரைப்பற்றுப் பகுதியில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008 இல் வெளியிட்ட தமது நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இவ்வழக்கத்தின் சுமையை மறைப்பதற்கில்லை. மகளுக்கு வீடு கட்டி முடிப்பதற்காகவே வாப்பா கட்டாரிலும், உம்மா சவூதியில் பணிப்பெண்ணாகவும் ஆண்டுக்கணக்கில் உழைத்த குடும்பங்கள் பல. திருகோணமலைக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்பை அண்டிய புல்மோட்டையும் இதற்கு விலக்கல்ல. கடலும் வயலும், 1957 இல் உருவான கனிய மணல் கூட்டுத்தாபனமும் அவ்வூருக்குத் தொழில் தந்தன. எனினும் அவை எல்லோருக்கும் போதவில்லை. ஆயினும் அச்சுமைக்குள் பெண்ணுக்கு ஓர் அரணும் இருந்தது. கணவனோடு பிணக்கு ஏற்பட்டால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியவள் அவளல்லள். சுற்றிலும் அவளது தாய், சாச்சி, சகோதரிகள் இருந்தனர்.

வெளிநாட்டுக்குக் குடிபெயரும் இளந்தம்பதியரின் வாழ்வில் தலைகீழாவது இந்த ஏற்பாடே. அங்கு வீடு கணவனின் பெயரில் வாடகைக்கு எடுக்கப்பட்டது. அவள் அந்நாட்டில் இருப்பதற்கான உரிமையே கணவனின் வீசாவில் தங்கியுள்ளது. மணமகன், மணமகள் இருவரும் நல்லவர்களாயினும் இந்நிலை மாறுவதில்லை. புறப்படுமுன் இதனைப் பேசித் தீர்க்கும் குடும்பங்கள் குறைவு. நகை, உடுப்பு, மிளகாய்த்தூள் பொதி ஆகியவற்றுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியேனும் பத்திரங்களுக்குக் கிடைப்பதில்லை.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் இலங்கை 9 இலட்சத்துக்கும் அதிகமான கடவுச்சீட்டுக்களை வழங்கியது. 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வாண்டில் தொழிலுக்காக வெளியேறினர். வளைகுடா செல்லும் தொழிலாளர் பலருக்கு மனைவியை அழைக்கும் வசதி இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019 இல் வகுக்கப்பட்ட விதியின்படி மாதம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹம் உழைப்பவரே குடும்பத்தை அழைக்கலாம். இதனாலேயே தம்பதியராகச் செல்ல விழைந்தோர் பலர் பிரித்தானியாவை நோக்கினர்: ஒருவர் மாணவர், மற்றவர் அவரில் தங்கியிருப்பவர். அவ்வழியும் குறுகிவிட்டது. 2024 ஜனவரி முதல் ஆராய்ச்சிப் பட்டம் பயில்வோர் முதலிய சிலர் தவிர்ந்த மாணவர்களும், அதே ஆண்டு மார்ச் 11 முதல் பராமரிப்பு ஊழியராகப் புதிதாகச் சென்றோரும் துணைவரை அழைத்துச் செல்ல முடியாதென ஆயிற்று. அங்கு நிரந்தரமாகக் குடியேறிய ஒருவர் ஊரில் மணமுடித்துத் துணையை அழைப்பதாயின் ஆண்டு வருமானம் 18,600 பவுணாக இருந்தால் போதும் என்பது 2012 இன் விதி; 2024 ஏப்ரல் 11 இல் அது 29,000 ஆக உயர்த்தப்பட்டது. இவற்றை மறைத்து, 'மாப்பிள்ளை லண்டன்' என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடிக்கும் தரகர்கள் இன்றும் உள்ளனர்.

பத்திரங்களில் முதலாவது திருமணப் பதிவு. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்படாமை ஒன்றினால் மட்டும் ஒரு நிக்காஹ் செல்லாததாகிவிடாது. ஆனால் வீசா அதிகாரி கேட்பது பதிவுச் சான்றிதழையே. அப்பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்தை 1951 இன் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அவள் சார்பில் வலி ஒப்பமிடுவார். ஆதலால், தன் பெயரில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை அறியாமலே விமானம் ஏறும் பெண்கள் இருக்கின்றனர். மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு என்பன சரியாகப் பதியப்பட்டனவா எனப் பார்ப்பது மரியாதைக் குறைவன்று. மணமகளின் பாவனைக்கென மாப்பிள்ளையிடம் கொடுக்கப்பட்ட பணமும் அசையும் பொருளுமே கைக்கூலி. அதனைக் காதி நீதிமன்றில் கோரலாம். வீடு அதில் அடங்காது. அதற்கு உறுதியே சான்று.

அந்த உறுதிதான் இப்போது பயணச் செலவுக்கு ஈடாகிறது. முகவருக்கும் வீசாக் கட்டணத்துக்கும் பணம் தேட, மணமகளின் பெயரிலுள்ள வீட்டை அடகு வைப்பதும் விற்பதும் இலகுவான வழியாகத் தோன்றுகின்றன. கணவன் மனைவி கூடிப் பேசி எடுக்கும் முடிவாயின் பிறர் குறுக்கிட இடமில்லை. எனினும் விற்பனைக்கும் அடகுக்கும் அதிகாரமளிக்கும் பொது அற்றோணித் தத்துவத்தை அவசரத்தில் எழுதிக் கொடுப்பது ஆபத்தானது. வாடகை வாங்குதல், வரி செலுத்துதல் எனக் குறித்த அலுவல்களுக்கு மட்டுமான விசேட அற்றோணித் தத்துவம் போதுமானது. அவளுக்கு அந்நாட்டில் வீடில்லை. இங்கும் இல்லாமற் போனால் திரும்பிவரும் பாதையில் தங்குமிடம் ஏது?

திருமணத்தை இங்கிலாந்திலேயே நடத்தலாம் என எண்ணுவோர் 2020 இன் ஒரு தீர்ப்பை அறிந்திருத்தல் வேண்டும். அந்நாட்டுச் சட்டப்படி பதியாமல், அங்கு நடந்த நிக்காஹ் மட்டும் சட்டப்படியான திருமணமாகாது எனவும், பிரிவு ஏற்படின் மனைவிக்குரிய சொத்துப் பங்கீட்டு உரிமைகள் அதனால் கிடைக்கா எனவும் மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்தர் வழக்கில் தீர்மானித்தது. கோயிலில் தாலி கட்டிப் பதிவை ஒத்திவைக்கும் தமிழ்த் தம்பதியரும் இதே நிலையிலேயே உள்ளனர்.

இனி அங்கு சென்றபின். முதல் மாதங்களில் தம்பதியர் இருவருக்கும் துன்பமே. மாமி வீட்டுச் சோற்றுக்குப் பழகியிருக்க வேண்டிய மாப்பிள்ளை இரவு வேலை முடித்து வந்து சமையலறையில் நிற்கிறார். பகலில் அவர் உறங்கும் ஒற்றை அறையில் அவள் ஓசையின்றி அமர்ந்திருக்கிறாள். உம்மாவுடன் வட்ஸ்அப்பில் பேசுவதே அவளது ஊர். மொழி ஒரு சுவர். துணைவர் வீசாவுக்கு ஏ1 தர ஆங்கிலம் போதும். நீடிப்புக்கு ஏ2 தரம் வேண்டும். தேர்வில் சித்தியடைந்தவருக்கும் வைத்தியரின் தொலைபேசி அழைப்பு அச்சமூட்டும். ஆயினும் குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்வதும் கட்டணமற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதும் அவளது உரிமைகள்.

சிறிதெனத் தோன்றும் ஒன்று: பிரித்தானியாவின் வதிவிட அட்டைகள் 2024 இறுதியோடு வழக்கிழந்து, இலத்திரனியல் வீசா முறை வந்துள்ளது. அதற்கான கணக்கு மின்னஞ்சல் முகவரியோடும் தொலைபேசி இலக்கத்தோடும் இணைந்தது. பல வீடுகளில் இரண்டும் கணவனுடையவை. முன்னர் கடவுச்சீட்டைப் பூட்டி வைப்பதால் நிகழ்ந்தது இப்போது ஒரு கடவுச்சொல்லால் நிகழக்கூடும். மனைவியின் கணக்கு அவளது மின்னஞ்சலிலும் அவளது இலக்கத்திலும் இருத்தல் வேண்டும். தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் அவ்வாறே.

வன்முறை நேர்ந்தால், 'வீட்டை விட்டால் நாடு கடத்திவிடுவார்கள்' என்ற மிரட்டலுக்கு அஞ்சிப் பலர் வாய் திறப்பதில்லை. பிரித்தானியப் பிரசையின் அல்லது நிரந்தர வதிவிடம் பெற்றவரின் துணையாகச் சென்ற ஒருவர், வன்முறையால் திருமணம் முறிந்தது என நிரூபித்தால், கணவனின் ஒப்புதலின்றியே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அவுஸ்திரேலியாவின் துணைவர் வீசாவிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. கனடா, 2012 இல் கொண்டுவந்த ஈராண்டுச் சேர்ந்து வாழும் நிபந்தனையை 2017 இல் நீக்கியது. ஆனால் மாணவரின் துணையாகப் பிரித்தானியா சென்றவருக்கு நிரந்தர வதிவிடம் கோரும் அவ்வுரிமை இல்லை. இவ்வேறுபாட்டை மணமகளின் வாப்பா புறப்படுமுன்னரே கேட்டறிதல் நலம்.

முதற் பிரசவத்தின்போதே தாய்வீட்டின் இன்மை முழுமையாக உறைக்கிறது. ஊரில் நாற்பது நாளும் உம்மாவின் கையில் இருந்திருப்பாள். அங்கு கணவன் ஊழியராயின் சட்டப்படி ஈர்வார விடுமுறை. உம்மாவை அழைத்தாலும் வருகையாளர் வீசாவில் அதிகபட்சம் ஆறு மாதம்.

பிறந்த குழந்தையின் பிரசாவுரிமையையும் பெற்றோர் கவனிப்பதில்லை. 1983 ஜனவரி முதல், பெற்றோரில் ஒருவரேனும் அந்நாட்டுப் பிரசையாகவோ நிரந்தர வதிவிடம் பெற்றவராகவோ இல்லாவிடின், பிரித்தானியாவில் பிறந்தது என்பதால் மட்டும் குழந்தை அந்நாட்டுப் பிரசையாகாது. இலங்கைப் பிரசாவுரிமையும் தானாக வந்து சேர்வதில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் தூதரகத்திலோ கொழும்பிலோ பதிதல் வேண்டும். தந்தை வழியாக மட்டுமே கிடைத்துவந்த அவ்வுரிமை, 2003 இன் திருத்தத்தின் பின்னர் தாய் வழியாகவும் குழந்தைக்குக் கிடைக்கிறது.