இணைப்பு அறுந்த இடம்

இணையம் நின்றுபோனால் உலாவி சொல்வது ஒன்றே: பக்கத்தை அடைய இயலவில்லை. சுவரோரம் வடம் கழன்றிருக்கலாம். திசைவி முகவரி வழங்காதிருக்கலாம். தெருவில் கண்ணாடி இழை முறிந்திருக்கலாம். திரை இவற்றை வேறுபடுத்திக் காட்டுவதில்லை. ஆகவே பெரும்பாலோர் திசைவியை அணைத்து மீண்டும் இயக்குகின்றனர். அது பல வேளைகளில் பயன் தருவது உண்மைதான். நினைவகம் வெறுமையாகிறது, இணைப்பு புதிதாகத் தொடங்குகிறது, அருகலை (வைஃபை) வேறு அலைத்தடத்துக்கு மாறவும் கூடும். இவற்றுள் எது கோளாற்றைத் தீர்த்தது என்பது மட்டும் தெரியாமலே போகிறது. சான்று அழிந்துவிடுவதால், அதே கோளாறு மறுவாரம் திரும்பும்போது நாம் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறோம். அணைக்கும் முன் சில மணித்துளிகள் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த வரிசையில் கேட்பது என்பதை இணையத்தின் கட்டமைப்பே சொல்லித் தருகிறது.

வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வுரையிலிருந்து வளர்ந்து, 1983 சனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் நடைமுறைக்கு வந்த நெறிமுறைகள், தகவல் போக்குவரத்தை அடுக்கு அடுக்காகப் பிரித்தன. அடியில் மின்துடிப்பும் ஒளியும் வானலையும். அதன்மேல் வீட்டுக்குள் ஒரு கருவியிலிருந்து மறு கருவிக்குச் செல்லும் இணைப்பு. அதன்மேல் உலகளாவிய முகவரி. அதற்கும் மேலே, பொட்டலங்கள் எனப்படும் தகவல் துண்டுகள் முறையாக வந்து சேர்ந்தனவா என்று சரிபார்க்கும் பொறுப்பு. உச்சியில் நாம் காணும் பக்கம். ஓர் அடுக்கு தனக்குக் கீழே நடப்பதை அறிய வேண்டியதில்லை. செம்பு வடத்தின் காலத்தில் எழுதிய நிரல் ஒளியிழையிலும் மாற்றமின்றி ஓடுவது இதனால்தான்; உலாவி காரணம் சொல்லத் தெரியாமல் நிற்பதும் இதனால்தான். கடைமடைக்கு நீர் வராதபோது உழவர் வாய்க்காற்கரையோடு நடந்து மடைமடையாகப் பார்ப்பதுபோல, நாமும் அடுக்கடுக்காகப் பார்த்துச் செல்ல வேண்டும்.

இதற்குரிய முதற்கருவியை மைக் மூஸ் 1983 திசம்பரில் எழுதினார். அவர் பணிபுரிந்த அமெரிக்கத் தரைப்படையின் எறியியல் ஆய்வகத்தில் வலையமைப்பு விந்தையாக நடந்துகொண்டது. ஒரு முகவரிக்குச் சிறு பொட்டலம் அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் நிரலை அவர் ஒரே மாலைப்பொழுதில் ஆக்கி, நீருக்கடியில் ஒலியால் தேடும் கருவியின் ஓசையைக் கொண்டு ‘பிங்’ என்று பெயரிட்டார். முதற்பொட்டலம் புறப்படும் முன்பே அந்தக் கோளாறு கண்டறியப்பட்டுவிட்டது. நிரலோ இன்றும் ஏறத்தாழ எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது.

பிங் அனுப்பும் முன், கணினி தான் பெற்றுள்ள முகவரியைக் காண வேண்டும். அது 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் திசைவி வழங்கியதாகும். 169.254 என்று தொடங்கினால் கணினி முகவரி கேட்டிருக்கிறது, வழங்க எவரும் முன்வரவில்லை, தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். கோளாறு கணினியிலிருந்து திசைவி வரையுள்ள பகுதியில்தான் என்பதை அந்த ஒற்றை எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். முகவரி முறையாக இருப்பின் முதலில் திசைவிக்கும், பின்னர் 8.8.8.8 போன்ற வெளி எண்ணுக்கும், இறுதியில் ஒரு தளத்தின் பெயருக்கும் பிங் அனுப்பலாம். திசைவி விடை தந்து வெளி எண் தராவிடில் முறிவு அதற்கு அப்பால். ஒளியிழை முனையப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. சேவை நிறுவனத்தை அழைப்பதன்றி வேறு வழியில்லை. சில வழங்கிகள் பிங்குக்கு விடை தராதவாறே அமைக்கப்பட்டிருப்பதால், ஒன்றன் மௌனத்தைக் கொண்டு மட்டும் முடிவு கட்டலாகாது.

எண் விடை தருகிறது, பெயர் தரவில்லை என்றால் பாதையில் குறையில்லை; பெயரை எண்ணாக மாற்றும் பணி மட்டுமே நின்றிருக்கிறது. பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்த களப்பெயர் முறைமையின் பணி அது. கணினியின் அமைப்பில் பெயர்வழங்கியின் முகவரியாக 1.1.1.1 போன்ற ஒன்றை இட்டால் இணையம் உயிர்பெறுவதைக் காணலாம். இணையமே செத்துவிட்டது என்று கருதப்படும் வேளைகள் சிலவற்றில் காரணம் இந்தச் சிறு குறையே.

அருகலையில் இணைந்திருப்போர் அனைத்துக்கும் முன் செய்யத்தக்கது, வடத்தால் இணைத்துப் பார்ப்பது. அருகலை பெரிதும் பயன்படுத்தும் அலைவெளிகளுள் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். நுண்ணலை அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸிலேயே இயங்குகிறது; அடுக்குமாடியில் அண்டைவீட்டுத் திசைவிகளும் அதே வெளியைப் பகிர்கின்றன. அங்கே ஒன்றன்மேல் ஒன்று கவியாமல் அமைபவை 1, 6, 11 என்னும் மூன்று தடங்களே. வடத்தில் சீராக ஓடுவது வானலையில் தடுமாறினால் குற்றம் வானலையுடையது.

முற்றாக அறுந்த இணைப்பைக் கண்டுபிடிப்பது எளிது. அரைகுறையாக உயிருள்ளதே அறிவுக்கு வேலை தருவது. வலைவடத்தில் எட்டுக் கம்பிகள் உண்டு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு போதும். 1000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி முறிந்தால் இணைப்பு அறாமல், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடக் கூடும். பொட்டலத்தின் அளவிலும் இத்தகைய பொறி உண்டு. வழக்கமான மேல்வரம்பு 1500 பைட்டு. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு நுழையும் சில இணைப்புகளில் கூடுதல் தலைப்பு 8 பைட்டுகளை விழுங்க, 1492 எஞ்சுகிறது. அதைவிடப் பெரிய பொட்டலம் திரும்பும்போது, சிறிதாக்கி அனுப்புக என்னும் அறிவிப்பு அனுப்பியவரைச் சேர வேண்டும். நடுவே ஏதேனும் ஒரு பாதுகாப்பு அரண் அவ்வறிவிப்பைத் தடுத்துவிட்டால், சிறு பொட்டலங்கள் எல்லாம் செல்லும், பெரியவை சுவடின்றி மறையும். பிங் விடை தருகிறது, பெயரும் எண்ணாகிறது, பக்கம் மட்டும் பாதியில் நிற்கிறது. துண்டாக்க வேண்டாம் என்ற குறிப்புடன் 1472 பைட்டுச் சுமையை அனுப்பிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். தலைப்புகளின் 28 பைட்டும் சேர அது சரியாக 1500 ஆகிறது. 1464 சென்று 1472 செல்லாவிடில் வரம்பு எங்கே என்பது தெரிந்துவிடும்.

வீட்டு இணைப்பை ஆராய்ந்த ஒருவரால் இத்துறையே முன்னேறியதும் உண்டு. ஜிம் கெட்டிஸ் 2010இல் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்புகையில் பிங் திரும்பும் நேரம் ஒரு நொடியளவுக்கு நீள்வதைக் கண்டார். இணைப்போ வேகமானது. குறை பொட்டலங்கள் காத்திருந்த இடத்தில் இருந்தது. நினைவகம் மலிந்ததால் கருவிகளில் மிகப் பெரிய காத்திருப்பு வரிசைகள் வைக்கப்பட்டிருந்தன. பெரும்பாலும் பொட்டலம் தொலைந்தால்தான் அனுப்பும் கணினி வேகத்தைக் குறைக்கும். எளிதில் எதையும் தொலைக்காத வரிசை, நெரிசலை மறைத்து வைத்தது. இதற்குத் தீர்வாக, வரிசையின் நீளத்தைப் பாராமல் பொட்டலம் அதில் காத்திருந்த நேரத்தை அளந்து செயற்படும் முறையைக் கேத்லீன் நிக்கோல்சும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்டனர். ஒருவர் கோப்பைப் பதிவேற்றும்போது மற்றவரின் காணொளி உரையாடல் திக்கித் திணறும் வீட்டில் இதை எவரும் அளந்து பார்க்கலாம்: வெறுமையாய் இருக்கையில் 20 மில்லிநொடியில் திரும்பும் பிங், பதிவேற்றத்தின்போது சில நூறு மில்லிநொடிகளாக ஏறினால் காரணம் இவ்வரிசையே. திசைவியில் பதிவேற்ற வரம்பை இணைப்பின் உண்மை வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, மீண்டும் அளக்க வேண்டும்.