இறுதிச் சடங்கு: இப்போதே பேசி வைப்போம்

வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால், "விளக்கு வைக்கிற நேரத்தில் இது என்ன பேச்சு?" என்று பிள்ளைகள் தடுப்பார்கள். நீங்களும் அபசகுனம் என்று தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனால் ஒரு சாவு வீட்டில் முதல் சில மணி நேரத்தில் எத்தனை முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது என்பது, அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எரிப்பதா, புதைப்பதா? எங்கே? கொள்ளி வைப்பது யார்? சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் வரும் வரை வைத்திருப்பதா? அடையாள அட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது? அழுதுகொண்டிருப்பவர்களிடம்தான் இத்தனையும் கேட்கப்படும். சரியான பதில் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அப்போது உங்களிடம் கேட்க முடியாது.

பெக்கான் நானாஸைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு காலம் நினைவிருக்கும். ஒரு சாவு என்றால் லயமே திரண்டு வரும். மூங்கில் வெட்ட ஒருவர், பாடை கட்ட ஒருவர், சங்கு ஊத ஒருவர், அடுப்பைப் பார்த்துக்கொள்ள நாலு பெண்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்று தாமான் வீடுகளில் அப்படி இல்லை. பிள்ளைகள் ஜொகூர் பாரு, கோலாலம்பூர் என்று பிரிந்திருக்கிறார்கள். பெட்டி, வண்டி, பூ, பந்தல் எல்லாவற்றுக்கும் தொலைபேசியில் ஆள் பிடிக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர் விலை பேசுவதும் இல்லை. முன்பு ஊர் செய்ததை இப்போது குடும்பம் திட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

எரிப்பதா, புதைப்பதா?

முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். அண்ணன் தம்பிகளுக்குள் மனக்கசப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒரே குடும்பத்தில் தாத்தாவைப் புதைத்திருப்பார்கள், பாட்டியை எரித்திருப்பார்கள். இரண்டுக்கும் வழக்கம் காட்ட ஆள் இருக்கும். உங்கள் விருப்பம் தெரிந்துவிட்டால் வாக்குவாதத்திற்கு வேலையில்லை.

எரிப்பது என்றால் விறகா, மின்சுடலையா, எந்த ஊரில் என்று விசாரித்து வையுங்கள். அஸ்தியை எந்தக் கடலில் கரைப்பது என்பதையும் சொல்லுங்கள். புதைப்பது என்றால் இடம் முக்கியம். பழைய தோட்டச் சுடுகாட்டில் கணவர் பக்கத்திலேயே கிடக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், அந்த நிலம் இன்று யாருடையது, மயானத்துக்கென ஒதுக்கப்பட்டதுதானா, இன்னும் அங்கே அடக்கம் செய்ய விடுகிறார்களா என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. தோட்டம் கைமாறியிருந்தால், முன்பு வாய்ப்பேச்சில் கிடைத்த அனுமதி இன்று கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கோயில் நிர்வாகத்திடமும் உள்ளூராட்சி மன்றத்திடமும் கேளுங்கள். கிறிஸ்துவர்கள் தங்கள் தேவாலயத்திலும், முஸ்லிம்கள் தங்கள் பள்ளிவாசலின் மரண சகாய நிதியிலும் பெயர் இருக்கிறதா, சந்தா பாக்கி உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மகன் இல்லாதவர்கள், மகள் கொள்ளி வைக்கலாம் என்று நினைத்தால் அதை எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். மகளிடம் மட்டும் சொன்னால், அன்றைக்கு அவள் பேச்சு எடுபடாமல் போகலாம்.

வீட்டில் உயிர் பிரிந்தால்

மருத்துவமனையில் மரணம் நடந்தால் அதற்கான பத்திரங்களை மருத்துவமனையே தயார் செய்துவிடும். வீட்டில் நடந்தால், மரணம் உறுதிப்படுத்தப்பட்டு, அடக்கம் செய்வதற்கான அனுமதிப் பத்திரம் கைக்கு வந்த பிறகே உடலை எடுக்க வேண்டும். மரணத்திற்குக் காரணம் தெரியாமல் இருந்தால் போலீஸ் விசாரிக்கும். பிரேதப் பரிசோதனைக்கும் உத்தரவிடலாம். நெடுநாளாக நோயில் இருப்பவர் வீட்டிலேயே கண்மூட விரும்பினால், சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். இரவு நேரத்தில் யாரை அழைப்பது, எந்த எண்ணுக்கு அழைப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிளினிக் அட்டையும் மருந்துப் பட்டியலும் ஒரே இடத்தில் இருக்கட்டும். நோயின் விவரம் அதில்தான் இருக்கிறது.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் குடும்பத்தாரிடம் கட்டாயம் சொல்லி வையுங்கள். எரிக்கும்போது அதன் பேட்டரி வெடிக்கக் கூடும். உடலை எரிப்பதற்கு முன்பு அதை எடுத்துவிட வேண்டும்.

மரணத்தைத் தேசியப் பதிவுத் துறையில் பதிந்து மரணச் சான்றிதழ் வாங்குவதைக் காரியம் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். பதினாறாம் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாளிலேயே ஒருவர் போய்விடட்டும். ஜொகூரில் 2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. பழைய பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் போய்க் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம்.

காகிதங்கள்

அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், திருமணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், நிலப்பட்டா, காப்புறுதிப் பத்திரம். இவற்றை ஒரு பைக்குள் போட்டு வைக்கச் சொல்வது எளிது. திருமணச் சான்றிதழில்தான் பலருக்குச் சிக்கல். 1982 மார்ச் 1க்கு முன் கோயிலிலோ வீட்டிலோ வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் கையில் காகிதம் இல்லாவிட்டால், கணவர் போன பிறகு "நான்தான் மனைவி" என்று நிரூபிக்க அந்த அம்மா அலைய வேண்டியிருக்கும். அதற்குப் பின் தாலி கட்டிப் பதியாமல் விட்டவர்களின் நிலை இன்னும் மோசம். இருவரும் உயிரோடு இருக்கும்போதே பதிவுத் துறைக்குப் போய், என்ன செய்யலாம் என்று கேளுங்கள். எழுபது வயதில் போய்ப் பதிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊழியர் சேமநிதியில் (இ.பி.எப்.) நீங்கள் வாரிசாகக் குறிப்பிட்டவர் இன்னும் இருக்கிறாரா? வேலைக்குச் சேர்ந்தபோது அம்மாவின் பெயரைக் கொடுத்தவர்கள் உண்டு. அம்மா காலமாகி இருபது வருடம் ஆகியிருக்கும். அதை மாற்ற வேண்டியது நீங்கள்தான். அரசாங்க ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு ஈமச்சடங்கு உதவித் தொகை உண்டு. சொக்சோவில் இருந்தவர்களின் குடும்பமும் கேட்டுப் பார்க்கலாம். இரண்டும் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும்.

உயில் எழுதும் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் பொருந்தும். இரண்டு சாட்சிகள் சேர்ந்து இருக்கும்போது நீங்கள் கையெழுத்திட வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ அந்த உயிலில் சொத்து எழுதினால் அது செல்லாது. ஆகவே மருமகனைச் சாட்சியாக நிறுத்தி மகளுக்கு வீடு எழுதாதீர்கள். இறுதிச் சடங்கு விருப்பத்தை உயிலில் மட்டும் எழுதவும் வேண்டாம். பெரும்பாலும் உயிலைப் பிரிப்பது காரியம் முடிந்த பிறகுதான்.

செலவுக்கு என்று கொஞ்சம் பணம் தனியே வைத்தால், அது யார் கைக்குப் போகும் என்று பாருங்கள். உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கு, மரணம் தெரிந்ததும் முடக்கப்படும். முன்பணம் கட்டும் ஈமச்சடங்குத் திட்டத்தில் சேர்பவர்கள், எதெல்லாம் அடக்கம், எதற்கெல்லாம் தனிக் கட்டணம், ரத்து செய்தால் பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்குங்கள். சிக்கனமாகச் செய்யுங்கள் என்று நீங்களே சொல்லிவிட்டால், பெரிய பந்தல் போடவில்லை என்று ஊர் பேசுமே என்ற கவலை பிள்ளைகளுக்கு இருக்காது.

உயிர் பிரியும் முன்

மூச்சுக் கருவி பொருத்துவதா, குழாய் வழி உணவு தருவதா, கடைசி நாட்களை மருத்துவமனையில் கழிப்பதா வீட்டிலா? நினைவு தெளிவாக இருக்கும்போது இவற்றை மருத்துவரிடமும் குடும்பத்தாரிடமும் சேர்த்துப் பேசுங்கள். உறுப்பு தானம் செய்ய விரும்புபவர்கள் மைசெஜாத்ரா செயலியில் பதியலாம். பதிந்ததை வீட்டில் சொல்லாவிட்டால் பயனில்லாமல் போகக்கூடும்; அந்த நேரத்தில் மருத்துவர்கள் குடும்பத்திடம்தான் சம்மதம் கேட்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே தாளில், தமிழிலேயே எழுதலாம். எழுத வராதவர்கள் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுத வைக்கலாம். தேதி போட்டுக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை மூத்த பிள்ளையிடமும் இன்னொன்றைப் பக்கத்தில் இருக்கும் உறவினரிடமும் கொடுங்கள். அசலைப் பீரோவில் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டாம். அடுத்த முறை கிளினிக்கிற்கு வரும்போது பிள்ளைகளில் ஒருவரையும் கூட்டி வாருங்கள்.