ஆபீஸுக்கு சைக்கிள் ரெடி... விளக்கு எங்கே?

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பிறகு, 'ஆபீஸுக்கு சைக்கிளில் போனால் என்ன?' என்று ஒருமுறையாவது யோசிக்காதவர்கள் குறைவு. கணக்கும் ஆசை காட்டத்தான் செய்கிறது. ஆபீஸ் 8 கிலோமீட்டர் தூரம் என்றால் போக வர 16. மாதம் 25 நாளுக்கு 400 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கிற பைக்குக்கே 800 ரூபாய் ஆகிவிடுகிறது. சைக்கிள் கேட்பது காற்றும், அவ்வப்போது செயினுக்குக் கொஞ்சம் எண்ணெயும்தான். சென்னையில் மேம்பாலங்களை விட்டால் ஏற்றமே கிடையாது. நிதானமாக மிதித்தாலும் அரைமணிச் சொச்சத்தில் போய்ச் சேரலாம்.

"வியர்த்துக் கொட்டுமே?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள். சட்டையை மடித்து எடுத்துப்போய் ஆபீஸில் மாற்றிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் சித்திரை வெயில்கூட அவ்வளவாகப் படுத்தாது. சீட் உயரத்தையும் கவனியுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் மடங்காமல் நீள வேண்டும். சீட்டைத் தாழ்த்தி ஓட்டினால் முட்டி வலிக்கும். அப்புறம் சைக்கிள் பால்கனிக்குப் போய்விடும்.

பைக்கில் போகிற வழியிலேயே சைக்கிளிலும் போகாதீர்கள். மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் போகிறவர் கதீட்ரல் ரோட்டில் மல்லுக்கட்டுவானேன்? ராயப்பேட்டைத் தெருக்களுக்குள் புகுந்து கிரீம்ஸ் ரோடு பக்கம் போய்விடலாம். ஒரு ஞாயிறு காலை ஓட்டிப் பார்த்தால் வழி பிடிபட்டுவிடும். நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிப் போகாமல், கதவு திறந்தாலும் இடிக்காத தூரத்தில் போங்கள். தனிப்பாதை போடாமல் சைக்கிள் ஓட்டச் சொல்வதே தப்பு என்பவர்களும் உண்டு. பாதை வரட்டும், நல்லதுதான்.

இதெல்லாம் காலைச் சமாச்சாரம். சாயங்காலத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

நவம்பர் கடைசியில் சென்னையில் 5.40-க்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. ஜூலையில்கூட 6.40-ஐத் தாண்டாது. ஆறரைக்கு ஆபீஸை விட்டுக் கிளம்புகிறவர் வருஷத்தில் முக்கால்வாசி நாள் இருட்டில்தான் வீடு திரும்புகிறார். ஆனால், கடையில் வாங்கும் புது சைக்கிளில் பெரும்பாலும் விளக்கு இருப்பதில்லை.

ஒரு காலத்தில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். டைனமோவிலும் தொல்லை இருந்தது. டயரில் உரசி மிதியைக் கனக்க வைக்கும். சிக்னலில் நின்றால் அணைந்தும் போகும். ஆனாலும் அந்த சைக்கிளின் பின் மட்கார்டில் வெள்ளைப் பட்டை அடித்திருக்கும், சிவப்பு ரிஃப்ளெக்டர் பதித்திருக்கும். பின்னால் வரும் லாரிக்கு அதுவாவது மினுங்கும். இன்றைய கியர் சைக்கிள்கள் பலவற்றில் மட்கார்டே இல்லை. மழை நாளில் முதுகு நெடுகச் சேறு அடிப்பது போதாதென்று, கறுப்பு ரெயின்கோட்டை வேறு மாட்டிக்கொண்டு போகிறோம். பஸ் டிரைவர் கண்ணுக்கு நாம் எப்படித் தட்டுப்படுவோம்?

சில நூறு ரூபாயில் சார்ஜ் செய்கிற விளக்கு ஜோடியாகக் கிடைக்கிறது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. முன்விளக்கை எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் ரோட்டைப் பார்க்கச் சாய்த்து மாட்டுங்கள். பின்விளக்கை சீட்டுக்கு அடியில் மாட்டினால் கேரியரில் இருக்கும் டிபன் பை மறைத்துவிடும். கேரியரின் பின்நுனியில் மாட்டுங்கள். கணுக்காலில் ரிஃப்ளெக்டர் பட்டையையும் சுற்றிக்கொள்ளுங்கள். மேலும் கீழும் ஏறி இறங்குகிற ஒளியைப் பார்த்ததுமே, முன்னால் ஒருவர் மிதித்துப் போகிறார் என்று வண்டியோட்டிக்குப் புரிந்துவிடும். ரெயின்கோட் வாங்கும்போது மஞ்சள் கேளுங்கள். ஆபீஸ் மேஜையில் செல்போனுக்குப் போடுகிற சார்ஜரிலேயே விளக்கையும் மாலைக்குள் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போதே விளக்கு மாட்டித் தரச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர்களும் வழிக்கு வருவார்கள். ஹெல்மெட் இல்லாமல் வருகிற பைக்கை கேட்டிலேயே மறிக்கும் ஆபீஸ்கள் எத்தனையோ இருக்கின்றன. சாயங்காலம் விளக்கில்லாமல் வெளியே கிளம்புகிற சைக்கிளையும் அதே கேட்டில் மறிக்கட்டும்.