பின்னோக்கி நிறுத்தும்போது பரீட்சகர் பார்ப்பது என்ன?

சாரதிப் பரீட்சை என்றதும் எம்மவர் பலரும் அஞ்சுவது, இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே காரைப் பின்னோக்கி விடுவதற்குத்தான். ஊரில் வான், லொறி ஓட்டியவர்களும் இதற்கு விலக்கல்ல. இலங்கை அனுமதிப்பத்திரத்தை இங்கு நேரடியாக மாற்ற முடியாது. குடியேறி 12 மாதங்கள் வரை அதை வைத்து ஓட்டலாம். அதன்பின் பரீட்சைதான்.

முன்பு சித்தியடைந்த அண்ணர், அக்காமாரின் அறிவுரை இன்று முழுதாகப் பொருந்தாது. ஒரு காலத்தில் எழுத்துப் பரீட்சையின் கேள்விகளைத் தமிழிலேயே கேட்கலாம். குரல்வழி வழங்கப்பட்ட 19 வெளிநாட்டு மொழிகளில் தமிழும் ஒன்று. 2014 ஏப்ரல் 7 முதல் அது நிறுத்தப்பட்டது. ஓட்டப் பரீட்சைக்கும் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிச்செல்ல முடியாது. 2017 டிசம்பர் 4 முதல் பயிற்சிகளும் மாறின. மூலையைச் சுற்றிப் பின்னோக்கி ஓட்டுவது நீக்கப்பட்டது.

இப்போது மூன்றில் ஒன்றைச் செய்யச் சொல்வார்கள். வீதியோரம் நிற்கும் காருக்குப் பின்னால் நிறுத்துவது ஒன்று. வலப்புறம் நிறுத்தி, இரண்டு கார் நீளம் பின்னோக்கிச் சென்று, மீண்டும் போக்குவரத்தில் சேருவது இன்னொன்று. மூன்றாவது, தரிப்பிடத்தில் நிறுத்துவது. இதில் பின்னோக்கி உள்ளே போவதா, முன்னோக்கிப் போய்ப் பின்னோக்கி வெளியே வருவதா என்பதைப் பரீட்சகரே சொல்வார். விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள். அதற்குப் புள்ளி குறையாது.

இனி அளவுக் கணக்கு. இங்கு வழமையான தரிப்பிடம் 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம். கார் 1.8 மீற்றர் அகலமென்றால் மிஞ்சுவது 60 சென்ரிமீற்றர், பக்கத்துக்கு 30. இது ஒரு பள்ளிக்கூட அடிமட்டத்தின் நீளம்.

திரும்புபவை முன்சில்லுகள். ஆகவே பின்னோக்கிப் போகையில் ஸ்ரேறிங்கை இடப்புறம் திருப்பினால் காரின் பின்பகுதி இடப்புறம் போகும், முன்பகுதி வலப்புறம் வீசும். பலர் பின்பக்கத்தை மட்டும் பார்த்து, முன்பகுதி அடுத்த காரை நெருங்குவதைக் கவனிப்பதில்லை. "மூன்றாவது கோடு தோளுக்கு நேரே வந்ததும் முழுதாகத் திருப்பு" என்பது போன்ற மனப்பாடக் குறிகள் வேறு காரில் பொய்த்துப்போகும். இரு பக்கக் கண்ணாடிகளிலும் கோடுகள் காருக்குச் சமாந்தரமாகத் தெரியும்போது சில்லுகளை நேராக்குவதே எங்கும் உதவும் முறை.

பரீட்சகர் பார்ப்பவை இரண்டு: கட்டுப்பாடும் அவதானிப்பும். மெதுவாக, நடை வேகத்திலும் குறைவாக நகர வேண்டும். தொடங்குமுன் சுற்றிலும் பார்க்க வேண்டும். கமெரா இருந்தாலும் பின்கண்ணாடியூடாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். யாராவது நடந்து வந்தால் நிறுத்தி, அவர் போனபின் தொடருங்கள். கோணலாகிவிட்டால் முன்னே எடுத்துத் திருத்தலாம். அது அனுமதிக்கப்பட்டதே. ஆனால் முடிவில் கார் கோடுகளுக்குள் நிற்க வேண்டும்.

கணக்காளன் மொழியில் சொன்னால், சிறு பிழைகள் சில்லறைச் செலவு. 15 வரை இருந்தாலும் சித்திதான். பாரதூரமான பிழை ஒன்றே ஒன்று முதலையே இல்லாமலாக்கும். பார்க்காமல் பின்னோக்கி விடுவது அந்த வகையில் சேரக்கூடியது.

லண்டனில் அடுத்த திகதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடுகிறது. இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு தாய்க்கு அந்த மாதங்கள் சிறியவை அல்ல. ஆகவே பரீட்சைக்கு முன், சனம் குறைந்த ஞாயிறு காலையில், அனுமதியுள்ள ஒரு தரிப்பிடத்தில், தகுதியுள்ள ஒருவரைப் பக்கத்தில் இருத்தி இருபது தடவையாவது பழகுங்கள்.