முதல் பந்தே யார்க்கர் என்றால்

2007 மார்ச் 28. கயானாவின் பிராவிடன்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை சூப்பர் எட்டு ஆட்டம். தென்னாப்பிரிக்கா ஜெயிக்க நான்கே ரன் வேண்டும். கையில் ஐந்து விக்கெட், முப்பது பந்துக்கு மேல் மிச்சம். எண்பதைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்த காலிஸ் ஒரு முனையில் நிற்கிறார். இலங்கை ரசிகர்களே டிவியை அணைத்திருக்கக்கூடிய நேரம் அது.

45-ஆவது ஓவரின் ஐந்தாவது பந்தை லசித் மலிங்கா மெதுவாக விட்டார். வேகத்தை எதிர்பார்த்து பேட்டை முன்கூட்டியே வீசிய ஷான் பொல்லாக்கின் ஸ்டம்பு சரிந்தது. அடுத்து வந்த ஆண்ட்ரூ ஹால், சந்தித்த முதல் பந்தையே தரங்காவின் கையில் கொடுத்தார். நடுவில் வாஸ் ஓர் ஓவர் போட்டார். ஒரு ரன் வந்தது. 47-ஆவது ஓவரின் முதல் பந்தில் காலிஸ் கீப்பர் சங்கக்காராவிடம் கேட்ச். இரண்டாவது பந்து யார்க்கர். மக்காயா நிட்டினி போல்டு. 206-க்கு ஐந்து என்றிருந்த ஸ்கோர் 207-க்கு ஒன்பது. நான்கு பந்தில் நான்கு விக்கெட் என்பது சர்வதேச கிரிக்கெட்டில் அதற்கு முன் யாருக்கும் வாய்க்காதது.

ஆட்டத்தை இலங்கை தோற்றது. ராபின் பீட்டர்சன் பேட்டின் விளிம்பில் பட்டு ஓடிய ஒரு பவுண்டரி, பத்துப் பந்து மிச்சமிருக்க, தென்னாப்பிரிக்காவைக் கரை சேர்த்தது. இருந்தும் ஒருநாள் ஆட்டங்களில் விழுந்த ஹாட்ரிக்குகளில் எனக்கு இதுதான் முதலிடம். ஜெயித்த பக்கத்தின் ஹாட்ரிக் பெரும்பாலும் விழுந்துகொண்டிருந்த அணியை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுவது. இதுவோ முடிந்துபோன ஆட்டத்தைத் திரும்பத் திறந்து வைத்தது.

அடுத்தடுத்த மூன்று பந்தில் ஒரே பவுலர் மூன்று பேரை அவுட்டாக்கினால் ஹாட்ரிக். ஓவர் மாறலாம், நடுவில் வேறு பவுலர் வந்து போகலாம். அந்தப் பவுலர் போட்ட பந்துகளை மட்டும் வரிசையாக எண்ணினால் போதும். ரன் அவுட் பவுலர் கணக்கில் சேராது. ஒருநாள் கிரிக்கெட்டின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தவர் பாகிஸ்தானின் ஜலாலுதீன். 1982 செப்டம்பரில் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. உலகக் கோப்பையில் முதல் ஆள் நம் சேத்தன் சர்மா. 1987-ல் நாக்பூரில் நியூசிலாந்தின் மூன்று பேரையும் போல்டாக்கினார். சர்வதேச டி20-யில் 2007-ல் கேப் டவுனில் வங்கதேசத்துக்கு எதிராக பிரெட் லீ தொடங்கிவைத்தார். அவர்களுக்குப் பிறகு பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆனால் ஒருநாள் ஆட்டத்தில் மூன்று, டி20-யில் இரண்டு என ஐந்து ஹாட்ரிக், அதிலும் இரண்டு முறை நான்கு பந்தில் நான்கு விக்கெட் என்று வைத்திருப்பவர் மலிங்கா ஒருவர்தான்.

ஒரு முறை நடந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஐந்து முறை நடந்ததற்குக் காரணம் தேடித்தான் ஆக வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு பவுலர் இருபது பந்துக்கு ஒரு விக்கெட் எடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட மூன்று பந்துகளிலும் விக்கெட் விழும் வாய்ப்பு இருபதை மூன்று முறை பெருக்கினால் வருவது, அதாவது 8,000-ல் ஒன்று. அதே பவுலர் எட்டுப் பந்துக்கு ஒரு விக்கெட் எடுக்கும் சூழ்நிலைக்கு வந்துவிட்டால் அது 512-ல் ஒன்றாகிறது. விக்கெட் விழும் வேகம் இரண்டரை மடங்கு கூடினால், ஹாட்ரிக் வாய்ப்பு பதினைந்து மடங்கு கூடுகிறது. கடைசி ஓவர்களில் எல்லாப் பந்தையும் தூக்கி அடிக்கப் பார்க்கும்போது இப்படித்தான் ஆகிறது. குறுகிய ஆட்டங்களின் ஹாட்ரிக்குகளில் பல கடைசி ஓவர்களில் குவிந்து கிடப்பதற்கு இதுவே அடிப்படை.

இந்தக் கணக்கில் ஒரு குறை இருக்கிறது. மூன்று பந்தையும் அது ஒன்றுபோல் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் ஹாட்ரிக்கின் இரண்டாவது, மூன்றாவது பந்துகளை எதிர்கொள்பவர் பெரும்பாலும் அப்போதுதான் பெவிலியனிலிருந்து நடந்து வந்தவர். பிட்ச் எப்படி இருக்கிறது, பந்து எவ்வளவு எழும்புகிறது, பவுலரின் கை எங்கிருந்து வருகிறது என்று எதையும் அவர் இன்னும் பார்க்கவில்லை. மலிங்காவின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பழகினால் ஓரளவு ஆடிவிடலாம், பழகுவதற்கு முன் ஆடுவது மிகக் கடினம் என்ற வகைப் பந்து அவருடையது.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, கையை விட்டு பேட்ஸ்மேனின் கிரீஸை அடைய அரை விநாடிகூட ஆகாது. இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 17.7 மீட்டர். இந்த அரை விநாடி முழுவதும் பேட்ஸ்மேனுக்குச் சொந்தமும் இல்லை. பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் பீட்டர் மெக்லியட் 1987-ல் ஓர் அழகான சோதனையைப் பதிவு செய்தார். மேட்டிங் விரிப்புக்கு அடியில் மரக் குச்சிகளைப் பதித்து வைத்தார். பந்து குச்சியில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. சர்வதேச ஆட்டக்காரர்களை நிறுத்தி ஆட வைத்ததில், பந்து திரும்பிய பிறகு சுமார் 0.2 விநாடி வரை அவர்களாலும் ஷாட்டை மாற்ற முடியவில்லை. பயிற்சியே இல்லாதவரின் கைக்கும் அவர்கள் கைக்கும் அந்த 0.2 விநாடியில் வித்தியாசமில்லை. பெரிய பேட்ஸ்மேனின் பெருமை அதற்கு முந்தைய கணங்களில் இருக்கிறது: பந்து கையை விடும்போதே அது எங்கே விழும் என்று படித்துவிடுகிறார்.

2000-ல் மைக்கேல் லாண்டுடன் சேர்ந்து அதே மெக்லியட் பேட்ஸ்மேன்களின் கண் அசைவைப் பதிவு செய்தார். பந்தைக் கண் கடைசிவரை தொடர்ந்து போவதில்லை. பந்து புறப்படும்போது பார்க்கிறது. உடனே அது குத்தப்போகும் இடத்துக்குத் தாவி அங்கே காத்திருக்கிறது. திறமையான ஆட்டக்காரரின் கண் சீக்கிரமே தாவுகிறது.

யார்க்கர் இந்த இரண்டு வசதிகளையும் பறித்துவிடுகிறது. பந்து குத்துமிடமே பேட்டின் அடி என்பதால், குத்திய பிறகு பார்த்து ஆட ஒன்றுமில்லை. புறப்பட்ட கணத்தில் படித்ததை வைத்தே ஆட வேண்டும். அந்தக் கணத்தையும் மலிங்கா குழப்பினார்.

வழக்கமான வேகப்பந்து வீச்சாளரின் கை காதோரம் நேராக மேலே போகும். பந்து தலைக்கு மேலிருந்து, பின்னால் இருக்கும் கறுப்புத் திரையின் பின்னணியில் புறப்படும். புதிதாக வந்தவரின் கண் பழக்கத்தால் அங்கேதான் நிற்கும். மலிங்காவின் கையோ, குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிவதுபோல் பக்கவாட்டில் சுழன்று வரும். கறுப்புத் திரைக்குப் பதிலாக நடுவரின் உடல்தான் பந்துக்குப் பின்னணி. முதல் பந்தைச் சந்திப்பவர் அதைக் கண்டுபிடிப்பதற்குள்ளேயே நேரத்தில் ஒரு பங்கு போய்விடும்.

இது எறிதல் இல்லையா என்று அந்தக் காலத்தில் பலரும் கேட்டதுண்டு. இல்லை. முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பதுதான் ஐசிசி வைத்த வரம்பு. அண்டர்ஆர்ம் கூடாது என்பதைத் தவிர, கை எவ்வளவு உயரத்தில் சுழல வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

தாழ்ந்த கையால் இன்னொரு பலனும் உண்டு. 2.2 மீட்டர் உயரத்திலிருந்து 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் யார்க்கர் தரையைத் தொடும்போது சாய்வு சுமார் பத்தரை டிகிரி. 1.6 மீட்டரிலிருந்து வந்தால் அது எட்டரை டிகிரி அளவுக்குக் குறைகிறது. தரையோடு தரையாகச் சறுக்கி வரும் பந்துக்கு அடியில் பேட்டைக் கொடுத்துத் தூக்குவது கடினம். மேலிருந்து வீசும்போது பந்து பின்னோக்கிச் சுழல்வதால் காற்று அதைச் சற்றே தாங்கிப் பிடிக்கும். பக்கவாட்டில் வீசும்போது சுழற்சியும் பக்கவாட்டாகிவிடும், அந்தத் தாங்கல் குறையும். பந்து எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே கீழே இறங்கும்.

ஆனால் பவுலருக்கு இது சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. கை பந்தை விடும் கோணம் ஒரே ஒரு டிகிரி மாறினால், விழும் இடம் வழக்கமான பவுலருக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் நகரும். தாழ்ந்த கைக்கு இரண்டு மீட்டர். யார்க்கர் விழ வேண்டிய இடமோ அரை மீட்டர் நீளம்கூட இருக்காது. கால் டிகிரிக்குள் கையை அடக்கினால் யார்க்கர். தவறினால் ஃபுல் டாஸ் அல்லது தூக்கி அடிக்க வாகான பந்து. மலிங்கா தேர்ந்தெடுத்தது கடினமான வழி. பல ஆயிரம் தடவை போட்டுப் போட்டுத்தான் ஒரு கைக்கு அந்த அடக்கம் வரும்.

அவர் காலிக்குப் பக்கத்தில் உள்ள ரத்கமவைச் சேர்ந்தவர். கடற்கரையிலும் தெருவிலும் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். அந்தப் பந்து எடை குறைவு. குத்தினால் நன்றாக எழும்பி அடிக்க வாகாக வரும். அதனால் டென்னிஸ் பால் ஆட்டத்தில் பவுலருக்கு நம்பிக்கையான பந்து ஒன்றுதான், காலடியில் போடுவது. நம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனும் இதே பள்ளியில் படித்தவர்தான். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவ ஆட்டங்களிலும் அவரை அறிமுகமாக்கியது டென்னிஸ் பால் மைதானங்களில் கற்ற அந்த யார்க்கர். கோச்சிங் அகாடமிகளைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு இந்த மைதானங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பழகிய கண்ணுக்கு முன் இதே பந்து என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2012 பிப்ரவரி 28, ஹோபார்ட். 321 ரன்னை 40 ஓவருக்குள் எடுத்தாக வேண்டிய நிலையில் இந்தியா. நன்றாக செட்டாகி நின்ற விராட் கோலி 86 பந்தில் 133 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். மலிங்கா 7.4 ஓவரில் 96 ரன் கொடுத்தார். அதே கை, அதே யார்க்கர் முயற்சி. கையைப் படித்துவிட்ட ஒருவர் எதிரே நின்றார், அவ்வளவுதான். கோணம் சற்றுத் தவறிய ஒவ்வொரு பந்தும் பவுண்டரிக்குப் போனது.

ஒரு விதி மாற்றமும் இதில் சேர்கிறது. 2011 அக்டோபரிலிருந்து ஒருநாள் ஆட்டத்தில் இரு முனைக்கும் தனித்தனிப் புதுப் பந்து வந்தது. கடைசி ஓவர்களில் பந்து தேய்ந்து ரிவர்ஸ் ஸ்விங் ஆவது அரிதானது. மலிங்காவின் ஒருநாள் ஹாட்ரிக்குகள் மூன்றும் அதற்கு முந்தியவை: 2007-ல் கயானா, 2011 மார்ச்சில் கென்யாவுக்கு எதிராக கொழும்பில் உலகக் கோப்பை ஆட்டம், அதே ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மறுபடி கொழும்பு.

டி20-யில் இப்போது ஹாட்ரிக் செய்தி அடிக்கடி வருகிறது. 2019 தொடக்கத்திலிருந்து ஐசிசி உறுப்பு நாடுகள் அனைத்தின் ஆட்டங்களுக்கும் சர்வதேசத் தகுதி கிடைத்ததும் அதற்கு ஒரு காரணம். யார்க்கர் இல்லாமலும் எடுக்கிறார்கள். ரஷீத் கான் 2019-ல் டேராடூனில் அயர்லாந்தின் நால்வரை நான்கு பந்தில் சுழலால் வெளியேற்றினார். அவர் கையைப் படிக்கவும் புதிய ஆளுக்கு நேரம் வேண்டும். பாட் கம்மின்ஸ் 2024 உலகக் கோப்பையில் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் ஹாட்ரிக் எடுத்தார். இந்தியாவின் முதல் டி20 ஹாட்ரிக்கை எடுத்தவர் பெண்கள் அணியின் ஏக்தா பிஷ்ட். 2012-ல், கொழும்பில், இலங்கைக்கு எதிராக. ஆண்கள் அணியில் தீபக் சாஹர் எடுத்தது அதற்கு ஏழு ஆண்டு கழித்து.

2019 செப்டம்பர் 6, பல்லேகலே. மலிங்காவுக்கு 36 வயது. ஒருநாள் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று ஆறு வாரம். வேகம் குறைந்திருந்தது. இலங்கை எடுத்திருந்தது 125 ரன்தான். நியூசிலாந்து இன்னிங்ஸின் மூன்றாவது ஓவர். புதுப் பந்து. கடைசி ஓவர் அவசரம் எதுவும் பேட்ஸ்மேன்களுக்கு இல்லை. மூன்றாவது பந்தில் காலின் மன்ரோ போல்டு. ஆண்கள் டி20 சர்வதேச ஆட்டங்களில் நூறு விக்கெட் எடுத்த முதல் ஆள் ஆனார் மலிங்கா. அடுத்து வந்த ஹாமிஷ் ரூதர்ஃபோர்டு முதல் பந்தில் எல்பிடபிள்யூ. டி கிராண்ட்ஹோம் முதல் பந்தில் போல்டு. அனுபவசாலி ராஸ் டெய்லரும் முதல் பந்தில் எல்பிடபிள்யூ. வந்த மூவரும் அந்தக் கையை அன்று ஒரே ஒரு தடவைதான் பார்த்தார்கள். நான்கு பேரில் ஒருவருக்குக்கூட ஃபீல்டரின் கை தேவைப்படவில்லை. நான்கு ஓவரில் ஆறு ரன் கொடுத்து ஐந்து விக்கெட் என்று அவர் முடித்தபோது, நியூசிலாந்து 88-க்குச் சுருண்டிருந்தது.