5 சென்ட் மனையில் காய், பூ, நிழல், கிணற்றுத் தண்ணீர்... சின்னத் தோட்டத்தை எப்படித் திட்டமிடுவது?

சுசீந்திரத்தில் 5 சென்ட் மனை வாங்கி 1,100 சதுர அடியில் வீடு கட்டினால், சுற்றிலும் ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி மிஞ்சும். பால்காய்ப்புக்கு முந்தின வாரமே பலரும் அங்கே இன்டர்லாக் கல் பதித்துவிடுகிறார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், சேறும் மிதிக்க வேண்டாம். ஆனால் சித்திரை மதியத்தில் அந்தக் கல்லே வீட்டைச் சூடாக்கும். ஐப்பசி மழை மண்ணில் இறங்காமல் தெருவுக்கு ஓடும். கறிவேப்பிலைக்குக்கூட வடசேரி சந்தைக்குப் போகணும்.

அதே ஆயிரம் சதுர அடியில் காய், பூ, நிழல், கிணற்றுக்குத் தண்ணீர் எல்லாம் கிடைக்குமா? கிடைக்கும். நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளின் புறவாசலும் விளையும் அப்படித்தான் இருந்தன. மேலே தென்னை, நடுவில் பலாவும் முருங்கையும், கீழே வாழை, தரையில் சேம்பும் சேனையும், கமுகில் ஏறும் நல்லமிளகு. கேரளத்து வீட்டுத் தோட்டமும் இதே முறைதான். 1956 வரை நாமும் அந்தப் பக்கத்தோடுதானே இருந்தோம்!

ஆனால் அரை ஏக்கர் விளையை அப்படியே 5 சென்டுக்குள் திணிக்க முடியாது. பூவுக்கு ஒரு மூலை, காய்க்கு ஒரு மூலை என்று பங்கு பிரித்தாலும் இடம் போதாது. வைக்கிற ஒவ்வொரு செடியும் இரண்டு மூன்று வேலை செய்யணும். திட்டத்தின் அடிப்படை இதுதான்.

செடிக்கு முன்னால் தண்ணீர்

நர்சரிக்குப் போவதற்கு முன், ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர், பக்கத்திலேயே பழையாறு, சுற்றிலும் குளங்கள். வயலை நிரப்பிய மனை என்றால் மழையில் நிலத்தடி நீர் மேலேறி வரும். அங்கே குழி தோண்டி மரம் வைப்பதைவிட மண்ணைக் குவித்து மேடாக்கி வைப்பதே நல்லது. பப்பாளி மூட்டில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் போதும், அழுகிவிடும். சேம்பு தாங்கும். தேங்குகிற இடத்தைச் சேம்புக்கே விட்டுவிடலாம்.

1,000 சதுர அடி கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் குழியை வாசல் ஓரத்தில் ஒளித்து வைக்காமல், கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் நடுவே வைத்தால் இரண்டுக்கும் உதவும். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாழை மூட்டுக்குப் போகட்டும். கீரைப் பாத்திக்கு மட்டும் அது வேண்டாம். மேலே சருகு மூடியிருக்கணும், தேங்கி நிற்கக் கூடாது. நின்றால் கொசுதான்.

வெயில் எந்தப் பக்கம்?

இது முக்கியம். சுசீந்திரத்தில் ஏப்ரல் இரண்டாவது வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயில் வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. டிசம்பரில் 20 அடி மரத்தின் மதிய நிழல் வடக்கே 12 அடி நீளும். ஜூனில் அதே நிழல் தெற்கே 5 அடிதான். அதனால் உயரமானவை வடக்கு ஓரத்துக்கும் மேற்குக்கும் போகணும். மேற்கே நிற்கும் முருங்கையும் வாழையும் சாயங்கால வெயிலைச் சுவரில் விழவிடாது, காயும் தரும். தெற்கும் கிழக்கும் கீரை, கத்தரி, காந்தாரி மிளகாய்க்கு.

தென்னை வைக்கலாமா?

ஒன்று வைக்கலாம். தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி விடுவார்கள். இங்கே அதற்கு இடமில்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது மாவட்டம் முழுக்க எத்தனை மரம் சாய்ந்தது என்று யாரும் மறந்திருக்க மாட்டோம். கூரையையும் மின்கம்பியையும் விட்டு விலகிய மூலையில் வையுங்கள். பக்கத்து வீட்டுக் கூரையில் மட்டை விழுந்து சண்டை வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்! பலாவுக்கும் ஒட்டாத பெரிய மாவுக்கும் 5 சென்டில் ஆசைப்படாமல் இருப்பதே நல்லது. நிழலுக்குக் கமுகு போதும்: ஒடுக்கமான மரம், மேலே நல்லமிளகு ஏற்றலாம்.

வாழையில் மட்டி ஒரு மூடாவது இருக்கட்டும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ப் பழம். பழம், இலை, பூ, தண்டு, மூடாக்குக்குச் சருகு என எதுவும் வீணாகாது.

வேலிக்குச் செம்பருத்தியும் ஆடாதோடையும். ஒன்று பூஜைக்குப் பூ தரும், இன்னொன்றை ஆடு கடிக்காது. பிச்சியைக் கிணற்றடிப் பந்தலில் ஏற்றினால் நிழலும் ஆச்சு. அரளி மட்டும் குழந்தைகள் விளையாடும் பக்கம் வேண்டாம், அது விஷம்.

பூச்சிமருந்து பற்றி ஒன்று. நம்ம மனையிலிருந்து வழிகிற தண்ணீர் ஓடை வழியாகக் குளத்துக்குத்தான் போகிறது. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைகளின் இடம். வீட்டுத் தோட்டத்துப் பூச்சிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஏற்கெனவே கல் பதித்தாச்சா? முழுசாகப் பெயர்க்க வேண்டாம். மதிலை ஒட்டி 3 அடி அகலத்துக்கு மட்டும் எடுங்கள். அடியில் கொட்டியிருக்கும் எம்-சாண்டையும் ஜல்லியையும் வாரிவிட்டு, செம்மண்ணும் சாணி உரமும் போட்டு நிரப்புங்கள். வைகாசிக் கடைசியில் மழை தொடங்கும்போது வாழைக்கன்றும் முருங்கைப் போத்தும் நட்டால் சரியாக இருக்கும். எடுத்த கல் கிணற்றடிக்குப் பாதை போட ஆகும்.