ஆகாயத்து முசாபிர்கள்

பெருங்கடலின் நடுவே ஒரு சின்னஞ்சிறு தீவு. அங்கே வந்து இறங்கும் குருவி போன்ற விமானங்கள். அவற்றின் வரவை நோக்கி வேலியோரம் காத்திருக்கும் கண்கள்.



விமானம் என்றவுடன் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது எது? ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பெரியவர்களையோ, பிழைப்பைத் தேடிக் கடல் கடந்த பிள்ளைகளையோ சுமந்து சென்ற பெரிய விமானமாகத்தான் இருக்கும். நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து செல்லும் அத்தகைய விமானத்தில் விமானிகள் இருவரேனும் இருப்பர். எஞ்சின்களும் இரண்டுக்குக் குறையாது. ஆனால், ஒரே ஒரு மனிதர், ஒரே ஓர் எஞ்சினை நம்பி, பத்துப் பதினைந்து மணி நேரம் கடலை மட்டுமே பார்த்தவாறு பசிபிக் பெருங்கடலைக் கடந்து செல்வதும் இவ்வுலகில் நடந்து வருகிறது என்பதை நீங்கள் அறிவீர்களா? அந்த முசாபிர்கள் இளைப்பாறும் தீவு ஒன்றைப் பற்றியும், அவர்களது வரவைக் கவனிப்போரின் கண்களுக்கு உள்ள மதிப்பைப் பற்றியும் இங்கே காண்போம்.

தனித்து நிற்கும் தீவு

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவில் நார்ஃபோக் தீவு இருக்கிறது. அதற்கு வடக்கே நியூ கலிடோனியா, தெற்கே நியூசிலாந்து. தீவின் பரப்பு சுமார் 35 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் தொகையும் இரண்டாயிரத்தை ஒட்டியே நிற்கிறது. 1856ஆம் ஆண்டில் பிட்கெய்ர்ன் என்னும் மற்றொரு தீவிலிருந்து 194 பேர் இங்கு வந்து குடியேறினர். அவர்களது வழித்தோன்றல்கள் இன்றும் இங்கு வாழ்கின்றனர்.

கப்பல்கள் வந்து அணையத்தக்க துறைமுகம் இத்தீவில் இல்லை. கப்பல் கடலிலேயே நிற்க, சரக்குகள் படகுகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவரப்பட்டு வந்தன. ஆயினும் வான்வழிப் பயணிகளுக்கு ஓர் இறங்குதளம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், இத்தீவுக்கே உரிய நெடிய ஊசியிலை மரங்கள் பல வெட்டி வீழ்த்தப்பட்டு அத்தளம் அமைக்கப்பட்டது. கடல் மட்டத்திற்கு மேலே நூறு மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் மேட்டு நிலமொன்றில் அது அமைந்துள்ளது. மேகம் தாழ்ந்து வந்தால் ஓடுபாதை முழுவதும் மறைந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் சொல்லப்போகும் செய்தி ஒன்றுக்கு இதுவே காரணம்.

ஏன் பறந்து வர வேண்டும்?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள விசிட்டா நகரம் சிறு விமானத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கு உருவான விமானத்தை ஆஸ்திரேலியாவிலுள்ள ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கைகளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பலாம். அதற்குக் காலமும் பிடிக்கும். மீண்டும் பூட்டிச் சரிபார்க்கும் செலவும் உண்டு. எனவே விமானி ஒருவரை அமர்த்தி, வானவழியாகவே கொண்டுவந்து சேர்க்கச் சொல்பவர்கள் பலர். இப்பணியையே தொழிலாகக் கொண்ட விமானிகள் இருக்கிறார்கள்.

கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்த் தீவுகள் வரை ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். அங்கிருந்து அமெரிக்க சமோவாவிலுள்ள பாகோ பாகோ வரை சுமார் 4,200 கிலோமீட்டர். அங்கிருந்து நார்ஃபோக் வரை 2,700 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதன்பின் ஆஸ்திரேலியக் கரை. இதுவே பலர் சென்ற பாதை.

சாதாரணமாக ஐந்தாறு மணி நேரமே பறக்கும் விமானம் இத்தனை தொலைவை எப்படித் தாண்டும்? உள்ளே இருக்கும் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அங்கே எரிபொருள் டாங்குகளை வைத்துக் கட்டுகிறார்கள். பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானமாயின், மருந்து நிரப்பும் தொட்டியிலேயே எரிபொருளை நிரப்பிக்கொள்கிறார்கள். வழக்கமாக அனுமதிக்கப்படும் எடையைவிடக் கூடுதலான எடையோடு புறப்படுவதால் இதற்கெனத் தனி அனுமதி பெற வேண்டும். விமானியைச் சுற்றிலும் பெட்ரோல், கீழே கடல், கையெட்டும் தூரத்தில் உயிர்காக்கும் மிதவை. இதுதான் அவரது பயண அறை!

பார்க்கத் தெரிந்தவருக்கு

இத்தீவின் வேலியோரம் நீங்கள் நின்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், விமானத்தின் உடலில் எழுதப்பட்டுள்ள எழுத்துகள். மனிதருக்குப் பெயர் போல விமானத்திற்கு அவை. ‘என்’ என்று தொடங்கினால் அமெரிக்கப் பதிவு, ‘வி.எச்.’ என்றால் ஆஸ்திரேலியா, ‘இசட்.கே.’ என்றால் நியூசிலாந்து. விற்பனையாகி வரும் விமானத்தில் சில வேளைகளில் பெயின்ட் பூசி எழுதாமல், தற்காலிகமாக எழுத்துகளை ஒட்டியிருப்பார்கள். நாடு மாறும்போது இந்த எழுத்துகளும் மாறும். ஆனால் தொழிற்சாலையில் இடப்பட்ட எண் என்றும் மாறாது. ஆகவே, கருத்துள்ள பார்வையாளர் நாள், நேரம், பதிவெழுத்து, விமானத்தின் வகை, வந்த ஊர், போகும் ஊர் ஆகியவற்றோடு கிடைத்தால் அந்த எண்ணையும் ஏட்டில் குறித்துக்கொள்வார். ஆண்டுகள் பல கழிந்து வேறொரு நாட்டில் வேறொரு பெயரோடு அதே விமானத்தைக் காணும்போது, ‘இது நம் தீவில் ஓர் இரவு தங்கியது அல்லவா!’ என்று அவரால் அடையாளம் சொல்ல முடியும்.

அடுத்து, சன்னலின் வழியே பாருங்கள். பயணிகள் அமர வேண்டிய இடத்தில் டாங்க் தெரிந்தால், அது நெடுந்தொலைவு வந்த விமானம். வெளியே நீண்ட கம்பி ஒன்று கட்டப்பட்டிருந்தால், அது தொலைதூர வானொலிக்கான ஏரியல். இறங்கி வரும் மனிதரையும் பாருங்கள். முடங்கியே அமர்ந்திருந்த கால்களை நீட்டி, மெல்ல நடப்பார். அவருக்கு வேண்டியவை எரிபொருள், உணவு, உறக்கம், அடுத்த நாளின் வானிலைச் செய்தி ஆகிய நான்கே.

கதிரவனைக் கொண்டு வழி கண்டவர்

இவ்வாறு தீவைத் தங்குமிடமாகக் கொண்டு கடலைக் கடந்த முன்னோடிகளுள் ஒருவர் பிரான்சிஸ் சிசெஸ்டர். 1931ஆம் ஆண்டில் அவர் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியாகப் பறந்தார். ஒரே மூச்சில் கடக்கும் அளவுக்கு அவரது விமானத்தில் எரிபொருள் கொள்ளாது. ஆதலால் நார்ஃபோக் தீவிலும், லார்ட் ஹோவ் தீவிலும் இறங்கிச் செல்லத் திட்டமிட்டார்.

கடலில் ஒரு புள்ளி போன்ற தீவைக் கண்டுபிடிக்க அவர் கையாண்ட முறை வியப்புக்குரியது. தீவை நோக்கி நேராகப் பறந்தால், வந்து சேர வேண்டிய நேரத்தில் அது கண்ணில் படாவிடில், இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்று தெரியாது. எனவே அவர் வேண்டுமென்றே ஒரு பக்கமாக விலகிப் பறந்தார். கதிரவனின் உயரத்தைக் கருவியால் அளந்து, குறித்த கோட்டை அடைந்ததும், தீவு இருக்கும் பக்கமாகத் திரும்பினார். தீவு கிடைத்தது! லார்ட் ஹோவ் தீவில் இரவில் வீசிய புயல் அவரது விமானத்தைச் சிதைத்தபோது, தீவு மக்களின் துணையோடு அதைச் செப்பனிட்டுப் பயணத்தை முடித்தார்.

விரல் அளவும் அந்தி நேரமும்

47 ஆண்டுகளுக்குப் பின்னர், அதே கதிரவன் மற்றொருவரைக் காப்பாற்ற உதவியது. 1978 டிசம்பரில், ஜே பிராக்னோ என்னும் விமானி, பயிருக்கு மருந்து தெளிக்கும் செஸ்னா 188 விமானம் ஒன்றை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு சென்றார். இவர் முன்னர் அமெரிக்கக் கடற்படையில் விமானியாக இருந்தவர். உடன் பறந்து வந்த நண்பரின் விமானம் பாகோ பாகோவில் மேலே கிளம்பியவுடன் விபத்துக்குள்ளாகியது. நண்பர் உயிர் தப்பினார். பிராக்னோ தனியாகவே நார்ஃபோக்கை நோக்கிப் பறந்தார். வந்து சேர வேண்டிய நேரம் வந்தது. தீவு மட்டும் வரவில்லை. திசை காட்டும் வானொலிக் கருவி அவரை ஏமாற்றிவிட்டது.

அவ்வேளையில் பிஜியிலிருந்து ஆக்லாந்துக்கு 88 பயணிகளோடு ஏர் நியூசிலாந்தின் டி.சி.10 விமானம் சென்றுகொண்டிருந்தது. அதன் கேப்டன் கார்டன் வெட், வழிகாணும் கலையிலும் பயின்றவர். பயணிகளிடம் நிலைமையை விளக்கிவிட்டு, வழிதவறியவரைத் தேட முற்பட்டார்.

இருவரும் தத்தம் விமானத்தைக் கதிரவனை நோக்கித் திருப்பித் திசைகாட்டியின் அளவை ஒப்பிட்டனர். பின்பு, கையை நீட்டி, தொடுவானத்திற்கும் கதிரவனுக்கும் இடையே எத்தனை விரல்கள் அடங்குகின்றன என்று எண்ணினர். நீட்டிய கையின் ஒரு விரற்கடை ஏறத்தாழ 2 பாகை. ஒரு பாகை வேறுபாடு என்றால் தரையில் சுமார் 111 கிலோமீட்டர். விரல்களைக் கொண்டே கடலை அளந்துவிட்டார்கள்!

அடுத்து அந்தி நேரம். வாசகர்களே, ரமலானில் நோன்பு திறக்கும் நேர அட்டவணையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாகப்பட்டினத்தில் கதிரவன் மறைந்து பதினொரு நிமிடங்களுக்குப் பிறகே கோயம்புத்தூரில் மறைகிறது. கிழக்கு மேற்காக ஒவ்வொரு பாகைக்கும் 4 நிமிட வேறுபாடு என்பதே இதன் கணக்கு. நார்ஃபோக் தீவில் கதிரவன் மறைந்த நேரத்தைக் கேட்டறிந்தனர். பிராக்னோவின் கண்ணுக்கு மறைந்த நேரத்தையும் குறித்தனர். இரண்டுக்கும் இருபது நிமிடங்களுக்கு மேல் வேறுபாடு இருந்தது. அவர் பறந்த உயரத்திற்கு வேண்டிய திருத்தம் செய்து, அவர் தீவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்பதைக் கணித்தனர். வானொலிக் குரல் எங்கே கேட்கத் தொடங்குகிறது, எங்கே மறைகிறது என்பதைக் கொண்டும் தேடும் வட்டத்தைச் சுருக்கினர்.

இருள் சூழ்ந்த பின், கடலில் ஒரு வெளிச்சத்தைப் பிராக்னோ கண்டார். கப்பலால் இழுத்துச் செல்லப்பட்ட எண்ணெய்த் துரப்பண மேடை அது. அது நின்ற இடம் தெரிந்ததால் தீவுக்குச் செல்லும் வழியும் உறுதியாயிற்று. 23 மணி நேரத்திற்கு மேல் வானில் கழித்த பிறகு, பிராக்னோ நார்ஃபோக்கில் பத்திரமாக இறங்கினார்.

கரையில் நின்ற கண்கள்

இன்று செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவிகள் வந்துவிட்டன. தீவைத் தவறவிடும் அச்சம் பெரிதும் நீங்கிவிட்டது. ஆனால் தீவை அடைவது வேறு. அதில் இறங்குவது வேறு. முன்னர் கூறிய மேகத்தை நினைவுகூருங்கள்.

2009 நவம்பர் 18ஆம் நாள் இரவு, நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு சமோவாவிலிருந்து மெல்பர்னுக்குப் புறப்பட்ட சிறிய ஜெட் விமானம் ஒன்று, எரிபொருள் நிரப்ப நார்ஃபோக்கை அடைந்தது. தாழ்ந்த மேகம் ஓடுபாதையை மூடியிருந்தது. மீண்டும் மீண்டும் முயன்றும் பாதை தென்படவில்லை. வேறிடம் செல்ல எரிபொருளும் இல்லை. விமானத்தைக் கடலிலேயே இறக்கினார்கள். உள்ளே இருந்த ஆறு பேரும் வெளியேறி, இருண்ட நீரில் மிதந்தனர்.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது கரையில் இருந்தோருக்குத் தெரியவில்லை. அப்போது விமான நிலையத் தீயணைப்புப் பணியாளர் ஒருவர் கரையின் மேட்டிலிருந்து கடலை நோக்கினார். மிக மங்கலான ஒளி ஒன்று அவர் கண்ணில் பட்டது. அது விமானி கையில் பிடித்திருந்த சிறிய டார்ச் விளக்கின் ஒளி! படகு அத்திசை நோக்கி விரைந்தது. ஒரு மணி நேரத்திற்கும் மேலாக நீரில் தத்தளித்த ஆறு பேரும் உயிரோடு கரை சேர்ந்தனர்.

விமானங்களை வேடிக்கை பார்ப்பது வீண் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உண்டு. பொழுதுபோக்காகவே தொடங்கட்டும், தவறில்லை. ஆனால், இன்று யார் வர வேண்டும், எப்போது வர வேண்டும், எந்தத் திசையிலிருந்து வருவார் என்று அறிந்து நோக்கும் பார்வை வேறு. வர வேண்டியவர் வரவில்லை என்பதை முதலில் உணர்வது, வரவை எதிர்பார்த்திருப்பவரே அன்றோ? சிசெஸ்டருக்குத் தீவு மக்களின் கைகளும், பிராக்னோவுக்கு வழியே சென்ற கேப்டனின் அறிவும், அந்த ஆறு பேருக்குக் கரையில் நின்ற ஒருவரின் கண்களும் துணையாயின.

வழியில் இருப்பவர் தனித்திருக்கலாம். அவருக்காக விழித்திருப்போர் இருக்கும்வரை அவர் கைவிடப்பட்டவர் அல்லர். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வானத்தில் செல்லும் சிறிய விமானத்தைச் சுட்டிக்காட்டி, ‘அது எங்கே போகிறது?’ என்று கேட்டால், இந்தத் தீவின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.